பெயர் வேண்டாம் என்ற கபடி கோச்சுக்கு நன்றி

கோடை விடுமுறை முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணிக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்த அண்ணனுக்கு நன்றி. பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், போடவில்லை.

டைம் அவுட் 30 விநாடிதான். பல கோச்சுகள் அதற்குள் ஐந்தாறு குறையைச் சொல்லிக் கத்துவார்கள், பிள்ளைகள் காதில் ஒன்றும் ஏறாது. இவர் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "கார்னர், அவசரப்படாதம்மா. ரைடர் கால் போனஸ் கோட்டுக்கு நீளட்டும், அப்புறம் கணுக்காலைப் பிடி." பாடி வரும் எதிரணி ரைடர் கூடுதல் பாயிண்டுக்காகக் கால் நீட்டும் கோடு அது. முன்கூட்டியே பாய்ந்தால் ரைடர் காலை இழுத்துக்கொள்வார், கார்னர் குப்புற விழுவார், பாயிண்டும் போகும். சரியாகப் பிடித்தும் ரைடர் நழுவினால், பெரும்பாலும் உள்பக்கம் நிற்கும் கவர் வந்து இடுப்பை இறுக்கத் தாமதித்திருப்பார். அண்ணன் கேள்வி கேட்பது பிடித்தவரை அல்ல, வராமல் நின்றவரை. இந்த நியாயம் எல்லா கோச்சுக்கும் வாய்ப்பதில்லை.

போட்டிக்கான எடை வரம்பு விஷயத்தில் மட்டும் பயங்கரக் கண்டிப்பு. எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், கனத்த உடை போட்டு ஓடி வியர்க்கவிடும் வழக்கத்தை அடியோடு நிறுத்தினார். அப்படிக் குறைத்தால் மறுநாள் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், இரண்டாம் பாதியில் தலை சுற்றும். எடை கூடியிருந்தால் அந்தப் போட்டி வேண்டாம், அவ்வளவுதான்.

நகம் வெட்டாமல் வந்தால் கேப்டனுக்கும் அன்று மைதானம் கிடையாது.

அண்ணே, உங்கள் விசில் செயலாளர் வீட்டில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.