டீக்கனை எப்படி மறந்தாய்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கடைசிப் பத்திக்குப் பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

குவீன் என்ற இங்கிலாந்து ராக் குழு என்றால் பாடகர் ஃப்ரெடி மெர்குரி மட்டும்தான், மற்ற மூவரும் பக்கவாத்தியம் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நம்ம நண்பன் நெட்டை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். பேஸ் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காத நீ சொல்லலாமா?

ஃப்ரெடியின் குரலுக்கு ஈடில்லை, சரி. 1985இல் லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியில் லண்டன் வெம்ப்ளி மைதானமே அவர் கையசைப்புக்கு ஆடியது. ஆனால் அங்கே எல்லோரும் கைதட்டிய ‘ரேடியோ கா கா’ டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதியது. ‘வீ வில் ராக் யூ’ கிட்டாரிஸ்ட் ப்ரையன் மே எழுதியது. நால்வருமே ஹிட் பாட்டு எழுதிய குழுவடா அது!

அதிலும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன். ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ அவருடையது. பேஸில் மூன்று அழுத்தமான அடி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம்தான் மீதி ஓடும். அந்த இடைவெளியில்தான் பாட்டே இருக்கிறது. ரோஜருக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் டிரம்ஸுக்குள் போர்வையைத் திணித்து, ஒலியை அமுக்கி வாசித்துக் கொடுத்தார். 1980இல் அமெரிக்காவில் முதலிடம்!

டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். லண்டனில் குப்பைத்தொட்டியில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) செய்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுகூடக் கிடையாது. ப்ரையன் அதை விடவே இல்லை.

1991 நவம்பரில் ஃப்ரெடி போனார். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட, டீக்கன் மேடையில் வாசித்தார். அந்த வருடமே ஃப்ரெடியை நினைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 2001இல் ராக் இசையின் பெரிய கௌரவமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோதும் வரவில்லை. ஒரு நண்பனுக்காக இதைவிட மௌனமாக யாராவது துக்கம் காத்திருக்கிறார்களா? எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

குவீன் என்ற பெயரை வைத்துக்கொண்டு ப்ரையனும் ரோஜரும் ஏன் இன்னும் மேடையேறுகிறார்கள் என்று கேட்டாய். இப்போது பாடுகிறவர் பெயரையும் சேர்த்து ‘குவீன் ப்ளஸ் ஆடம் லாம்பர்ட்’ என்றுதானே போடுகிறார்கள்? அந்த ‘ப்ளஸ்’ நாணயமானது. அவர்கள் உண்டாக்கிய பாட்டை அவர்கள் வாசிக்காமல் யார் வாசிப்பது? டீக்கன் விலகியதும் சரி, இவர்கள் தொடர்வதும் சரி. இதில் ஒன்றுக்காக இன்னொன்றை நான் விட்டுத்தர மாட்டேன்.

ஒன்று செய். 1975 ஆல்பத்தில் ‘குட் கம்பெனி’யை ஹெட்ஃபோனில் கேள். கடைசியில் ட்ரம்பெட், கிளாரினெட் எல்லாம் சேர்ந்து ஊதுவதுபோல இருக்கும். அத்தனையும் ப்ரையனின் கிட்டார், அந்தக் குட்டி ஆம்ப் வழியாக. கேட்டுவிட்டு உடனே எழுது. இதை நெட்டையிடமும் காட்டு; அவனுக்குத் தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அன்புடன்,
உன் பழைய டிரம்மர்