ஒரே விலங்கு என்பதாலேயே காப்பி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஒரு கார்ட்டூன் படம் வந்துவிட்டால் போதும், மறுநாளே இரண்டு படங்களை அருகருகே ஒட்டி, "இது அதன் ஈயடிச்சான் காப்பி" என்று யாராவது கிளப்பிவிடுகிறார்கள். அங்கேயும் முயல், இங்கேயும் முயல். அங்கேயும் வெள்ளைக் கையுறை, இங்கேயும் வெள்ளைக் கையுறை. வேறு ஆதாரம் தேவைப்படுவதில்லை. கார்ட்டூன் விலங்குகளை வரைவதும் அசைய வைப்பதுமே எங்கள் தொழில். இந்தப் புகார்களில் பெரும்பாலானவை தவறான இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அசல் திருட்டோ பல நேரம் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது.

விலங்கு ஒன்றாக இருப்பது வேறு, வரையும் முறை ஒன்றாக இருப்பது வேறு, பாத்திரமே ஒன்றாக இருப்பது வேறு. முதல் இரண்டுக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

வரையும் முறையிலிருந்து தொடங்கலாம். 1919-ல் வந்த ஃபீலிக்ஸ் பூனை, 1927-ல் வந்த ஆஸ்வால்ட் முயல், 1928-ல் வந்த மிக்கி மவுஸ் மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் அண்ணன் தம்பிகள் என்றே தோன்றும். கறுப்பு உடம்பு, வெளுத்த முகம், உருண்டைத் தலை, முழங்கையும் முழங்காலும் இல்லாமல் வளைகிற கை கால். இந்த ஜாடைக்குக் காரணம் பெரும்பாலும் வேலைப்பளுதான். ஒலி வந்த பிறகு படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திப் படமெடுத்தாலும் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். ஏழு நிமிடப் படத்தில் ஒரு பாத்திரம் முழுக்க வந்தால் அதற்கு மட்டும் 5,000 ஓவியங்களைத் தாண்டும். அத்தனையையும் பல பேர் பங்கு போட்டு வரையும்போது வட்டம்தான் கைகொடுக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வட்டம்தான்; காசை வைத்துச் சுற்றிக் கோடிழுத்தாலே அளவு பிசகாது. கோணலும் மூலையும் உள்ள தலை ஓவியத்துக்கு ஓவியம் மயிரிழை விலகி, திரையில் நடுங்கும். ஃபீலிக்ஸே தொடக்கத்தில் கூர்மூஞ்சிப் பூனைதான். 1920-களின் முற்பகுதியில் பில் நோலன் என்ற ஓவியர் அதை உருட்டி எடுத்தார்.

கையுறையும் அப்படி வந்ததுதான். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் 1929-ல் மிக்கிக்கு வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். கைக்கு நான்கு விரல் போதும் என்று வைத்ததால் ஒவ்வொரு ஓவியத்திலும் வேலை மிச்சம். அந்தச் சின்னக் கையில் ஐந்து விரல் வரைந்தால் வாழைச்சீப்பு மாதிரி தெரியும். கையுறையையும் நான்கு விரலையும் காட்டி "காப்பி" என்பவர்கள், அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஆஸ்வால்டும் மிக்கியும் வால்ட் டிஸ்னி, அப் ஐவர்க்ஸ் என்ற அதே இருவர் கையிலிருந்து வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்வால்டின் உரிமை விநியோகித்த நிறுவனத்திடம் இருந்தது. 1928-ல் அது கைவிட்டுப் போனதும் பிறந்ததுதான் மிக்கி. (ஆஸ்வால்ட் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பி வர 2006 ஆயிற்று.)

உண்மையான உருவக் காப்பி எப்படி இருக்கும் என்று பார்க்க 1931-க்குப் போக வேண்டும். வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட கார்ட்டூன்களில் ஃபாக்ஸி என்றொரு நரி வந்தது. கூரான காதையும் புசுபுசுவென்ற வாலையும் மறைத்துவிட்டால் எஞ்சுவது மிக்கிதான்: அதே கால்சட்டை, அதே முகம், அதே சிரிப்பு. கூடவே மிக்கியின் ஜோடியான மின்னியின் சாயலில் ஒரு பெண் நரியும் உண்டு. ஃபாக்ஸியை உருவாக்கிய ருடால்ஃப் ஐசிங் முன்பு டிஸ்னியிடமே வேலை பார்த்தவர். டிஸ்னி ஆட்சேபித்ததும் மூன்றே படங்களோடு நரி மறைந்தது. அதே ஆண்டு வான் பியூரன் ஸ்டூடியோ தன் கார்ட்டூன்களில் மிக்கி, மின்னி போன்ற எலி ஜோடியை விட்டபோது டிஸ்னி வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்.

மேலோட்டமாகக் காப்பி அடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மிக்கியின் காது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதும் முழு வட்டமாகவே தெரியும். தட்டு போன்ற நிஜக் காதாக இருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது மெல்லிய கோடாகத்தான் தெரிய வேண்டும். காதுகள் தலையோடு சுழலாமல் அதன் விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகிற ஏமாற்று அது. முன்பக்கப் படத்தை மட்டும் வைத்து நகல் எடுப்பவருக்கு இது தெரியாது. தலை திரும்பும் நொடியில் ஒரு காது காணாமல் போகும், அல்லது நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொம்மையாகச் செய்யும்போது கோளாறு இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒழுங்கான ஸ்டூடியோவில் மாடல் ஷீட் இல்லாமல் வேலை தொடங்காது. முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், நான்கைந்து முகபாவம், கையின் நிலைகள், தலையை அளவுகோலாக வைத்து உயரம் எத்தனை தலை என்ற கணக்கு எல்லாம் அதில் இருக்கும். நகல் எடுத்தவரிடம் இந்தத் தாள் பெரும்பாலும் இருக்காது.

இனி, விலங்கு ஒன்றாக இருந்தும் பாத்திரம் வேறான கதை. டொனால்ட் டக் 1934, டாஃபி டக் 1937. இரண்டும் வாத்து, இரண்டும் கத்தும், இரண்டும் அடி வாங்கும். ஆனால் டொனால்டை வம்புக்கு இழுத்தால் கோபம் தலைக்கேறி, அந்தக் கோபத்தாலேயே தோற்கும். 1937-ன் டாஃபிக்குக் கோபமே வராது. துப்பாக்கி நீட்டினாலும் கூவிக்கொண்டு தண்ணீர் மேல் குதித்துக் கும்மாளம் போடும். ஒன்றுக்கு எழுதிய காட்சியில் மற்றதைப் போட்டால் காட்சி படுத்துவிடும். எங்கள் கணக்கில் நம்பத் தகுந்த சோதனை இதுதான். பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வசனமும் திருத்தாமல் காட்சி அப்படியே ஓடினால், அங்கே காப்பி இருக்கிறது.

இந்தச் சோதனையைப் போட்டால்தான் அருகருகே ஒட்டிய படங்கள் காட்டாத ஒன்று தெரியும்: குணம் விலங்கு விட்டு விலங்கு தாவும். 1938-ல் பென் ஹார்டவே என்பவர் வார்னர் கார்ட்டூன் ஒன்றில் ஒரு வெள்ளை முயலை விட்டார். தோலைப் பார்த்தால் முயல். குதிப்பும் கிறுக்குத்தனமும் அப்படியே முந்தைய ஆண்டின் டாஃபி. அதற்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். அவர் சிரித்த சிரிப்பு பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1940-ல் வால்டர் லான்ட்ஸ் ஸ்டூடியோவில் பிறந்த வூடி என்ற மரங்கொத்தியிடம். ஹார்டவே அதற்குள் அங்கே போயிருந்தார். பிளாங்கும் தொடக்கத்தில் அங்கே குரல் கொடுத்தார். வாத்து, முயல், மரங்கொத்தி மூன்றையும் பக்கத்தில் வைத்தால் எவரும் காப்பி என்று சொல்லமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொல்லிவிடலாம். அதே 1940-ல் டெக்ஸ் ஏவரி அந்த முயலின் குணத்தைத் தலைகீழாக்கினார். துப்பாக்கியோடு வேட்டைக்காரன் வந்து நிற்கும்போது அது அலட்டிக்கொள்ளாமல் காரட் கடித்தது. பக்ஸ் பன்னி அசலானது அந்த அமைதியில்தான்.

தொலைக்காட்சி வந்ததும் புதிய ஜாடை ஒன்று கிளம்பியது. ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் விலங்குகளில் பல உடம்பில் துணியே இல்லாமல் கழுத்தில் மட்டும் காலரும் டையும் போட்டிருக்கும். 1958-ல் வந்த யோகி கரடி அதற்கு நல்ல உதாரணம். இது நாகரிகமோ ஒன்றைப் பார்த்து ஒன்று போட்டதோ அல்ல. செலவைக் குறைக்க, உடம்பை ஒரே ஓவியமாக அசையாமல் வைத்துத் தலையை மட்டும் வேறு தாளில் மாற்றிக்கொண்டே போவார்கள். தலையும் உடம்பும் சேரும் கோடு கழுத்தில் தெரிந்துவிடும். காலர் அதை மறைக்கும். அந்த நிறுவனம் இரவல் வாங்கியது வேறிடத்தில். யோகியின் பேச்சும் நடையும் அன்றைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பாத்திரத்தை ஒட்டியவை. மனிதரிடமிருந்து விலங்குக்குப் போகும் இந்த இரவல் பழைய வழக்கம்தான். எல்லை மீறினால் மட்டும் வம்பு. நடிகர் பெர்ட் லார், விளம்பரத்தில் வந்த ஒரு கார்ட்டூன் வாத்து தன் குரலைப் போலவே பேசியது என்று வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கை நடத்த இடமுண்டு என்று 1962-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

மிடுக்கைக் காப்பி அடிப்பது இன்னொரு வகை. நிஞ்ஜா ஆமைகள் 1984-ல் சித்திரக்கதையாக வந்தபோது அதுவே ஒரு கிண்டல் படைப்பு. வெற்றி பெற்றதும் தற்காப்புக் கலை தெரிந்த வெள்ளெலிகளும் பைக் ஓட்டும் எலிகளும் தெருவில் சண்டை போடும் சுறாக்களும் வரிசை கட்டின. சித்திரக்கதையில் நான்கு ஆமைகளுக்கும் ஒரே சிவப்பு முகத்துணிதான். ஆளுக்கொரு நிறம் 1987 தொலைக்காட்சித் தொடரில் வந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த நிற வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், நால்வரும் நான்கு விதமாகச் சண்டை போட்டுக்கொள்வதை அல்ல. வீடியோ கேமிலும் இதே கூத்து. 1991-ல் வந்த சோனிக், பந்தாகச் சுருண்டு உருளும் முள்ளெலி. வேகம் அதன் உடல்வாகிலேயே இருக்கிறது. 1993-ல் வந்த பப்ஸி என்ற காட்டுப்பூனைக்கு வேகமும் எகத்தாளமும் உண்டு. ஆனால் ஒரே அடியில் செத்துவிடும், உயரத்திலிருந்து விழுந்தாலும் செத்துவிடும். ஓடச் சொல்லிவிட்டு, ஓடினால் தண்டிக்கிற விளையாட்டு அது.

தேதி பார்க்காமல் குற்றம் சாட்டுவது இன்னொரு தவறு. வார்னரின் முயலும் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் டாம் பூனையும், ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் 'இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி' என்ற இசைப்படைப்பைப் பியானோவில் வாசிக்கும் இரண்டு படங்கள் சில மாத இடைவெளியில் வந்தன. அடிக்கும் நகைச்சுவைகூட ஒத்துப்போனது. இரண்டு ஸ்டூடியோக்களும் ஒன்றையொன்று திருடர் என்றன. ஆஸ்கர் பூனைக்குப் போயிற்று. முழுநீள அனிமேஷன் படம் எடுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே 1998-ல் எறும்புப் படம் இரண்டு அடுத்தடுத்து வந்ததே என்று வெளியீட்டுத் தேதியை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. முதல் ஓவியங்களின் தேதி வேண்டும். அந்தத் தேதியையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. 'குங் ஃபூ பாண்டா' தன்னுடையது என்று வழக்குப் போட்ட ஒருவர், 1990-களின் தொடக்கத்திலேயே வரைந்தவை என்று பாண்டா ஓவியங்களைக் காட்டினார். அவற்றில் சில, அவர் சொன்ன ஆண்டுக்குப் பிறகு அச்சான 'லயன் கிங்' வண்ணம் தீட்டும் புத்தகத்திலிருந்து தடம் எடுத்தவை என்று வெளியானது. 2016-ல் மோசடிக் குற்றம் நிரூபணமாகி, அவருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

அந்த 'லயன் கிங்' படத்தின் மீதே பழைய புகார் ஒன்று உண்டு: ஒசாமு தெசுகா 1950-ல் தொடங்கிய வெள்ளைச் சிங்கக் கதையின் சாயல் என்பது. சில காட்சியமைப்புகள் ஒத்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஒரு நன்றி வரி போட்டிருந்தால் குறைந்து போயிருக்க மாட்டார்கள். ஆனால் தெசுகாவின் சிங்கத்துக்கு விலங்கும் மனிதரும் சேர்ந்து வாழ்வதுதான் கவலை. 1994 படத்தில் மனிதரே கிடையாது. தெசுகாவோ டிஸ்னியின் 'பாம்பி'யில் ஊறியவர், அதைச் சித்திரக்கதையாகவே வரைந்தவர்.

எனவே ஒப்பிட விரும்புவோர் ஒரு ஃபிரேமை வெட்டி ஒட்டாமல், காதையும் வாலையும் மூக்கையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு உருவத்தையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலிலேயே எது எது என்று தெரிந்தால் உருவக் காப்பி என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. தெரியாவிட்டால், ஒலியை அணைத்துவிட்டு இரண்டும் நடப்பதைப் பாருங்கள். எடை முன்னால் விழுகிறதா பின்னாலா, முதலில் அசைவது தலையா இடுப்பா என்பதில் ஆள் தெரிந்துவிடும். கடைசியில் வசனச் சோதனை.

பழைய பாத்திரங்களைப் பயன்படுத்த நினைக்கும் இளம் ஓவியர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மிக்கியின் 1928 வடிவம் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தலாம். அந்த மிக்கிக்குக் கையுறை இல்லை. 1929-ல் கையுறை மாட்டிய படங்கள் அதற்கடுத்த ஆண்டில்தான் விடுபட்டன. வின்னி கரடியின் 1926 புத்தகமும் விடுபட்டாயிற்று. ஆனால் அதன் சிவப்புச் சட்டை 1930-களில் வந்து சேர்ந்தது, புத்தகத்தில் இருந்தது அல்ல. எந்த ஆண்டு வடிவம் விடுபட்டதோ அந்த ஆண்டு ஓவியத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும். பதிப்புரிமை முடிந்தாலும் வணிகச்சின்ன உரிமை நிற்கும். அதனால் அந்த நிறுவனமே வெளியிட்டது என்று வாங்குபவர் நினைக்கும்படி அட்டையில் பெயரும் உருவமும் போட்டால் வழக்கு வரும். நாட்டுக்கு நாடு காலக்கெடு மாறும் என்பதால், எந்த நாட்டில் வெளியிடப் போகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
கார்ட்டூன் வடிவமைப்பு, அனிமேஷன் பணியில் உள்ள வாசகர்கள்