ஹாலிக்கு மழைத்தண்ணீர்

அம்பாசமுத்திரம்
ஆனி 4

எய்யா,

நீ வாங்கின போன்சாய்த் தொட்டிமரத்தின் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அடிமரம் கட்டைவிரல் தடிமன் இருக்கிறது. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய், அந்தக் கண் உனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. படம் வந்து இருபது நாளாகிறது. அதற்கப்புறம் ஒரு வரி இல்லை.

இது ஜப்பானிய ஹாலி. கிறிஸ்துமஸ் அட்டையில் சிவப்புப் பழத்தோடு முள்முள்ளாக இலை போட்டிருப்பார்களே, அது வேறு. இதற்கு இலை சின்னது, பழம் கறுப்பு. பழத்தை வாயில் வைக்கக் கூடாது, வயிற்றைப் புரட்டிவிடும். கடையில் பாக்ஸ்வுட் என்று சொல்லியிருந்தால் நம்பாதே. பாக்ஸ்வுட்டில் இலை எதிரெதிராக வரும். உன் செடியில் மாறி மாறி வந்திருக்கிறது.

அடுப்பங்கரைச் சன்னலில் வைத்திருக்கிறாய். பக்கத்தில் ஒரே ஒரு டம்ளர். வீட்டுக்குள் அது நிலைக்காது, கேட்டியா. குளிரில் உறங்கி எழும்ப வேண்டிய மரம். பால்கனியில் காலை வெயில் படுகிற இடமாக வை. கடும் உறைபனி ராத்திரிகளில் தொட்டியைச் சாக்கால் சுற்றிச் சுவரோரம் ஒதுக்கினால் போதும். ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுபோனால் இலையைக் கொட்டிவிடும்.

தண்ணீர்தான் பெரிய காரியம். மேல்மண் காயத் தொடங்கியதும், அடி ஓட்டை வழியாக வடிகிற வரை ஊற்று. ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு தரம். சந்தேகமாக இருந்தால் மூங்கில் குச்சியை மண்ணில் குத்திப் பத்து நிமிஷம் கழித்து உருவிப் பார். குச்சியில் ஈரம் ஏறியிருந்தால் இன்றைக்கு வேண்டாம். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காயவும் விடாதே. கெட்டி இலை, அதனால் வாட்டம் தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது நுனிவேர் செத்திருக்கும். நீ வெளியூர் போகிற நாளில் தண்ணீர் விட வீட்டில் ஆள் இருக்கிறதா? அதை எழுது.

கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்றாயே, லண்டன் தண்ணீர் நம் போர் தண்ணி மாதிரி சுண்ணாம்பு. ஹாலிக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். படத்தில் ரெண்டு கொழுந்து வெளுத்த மாதிரி தெரிகிறது. வெளிச்சமா, சுண்ணாம்பா? ஒரு வாளி வாங்கி மழைத்தண்ணீர் பிடித்து ஊற்று.

வெளுப்பு இல்லையென்றால் இந்த ஜூனிலேயே கவாத்து செய்யலாம். தளிர் ஆறு எட்டு இலை விட்ட பிறகு ரெண்டு இலை நிறுத்தி வெட்டு. நிறுத்துகிற கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, புதுக்கொம்பு அந்தப் பக்கம்தான் போகும். உள்ளே பார்க்கிற கணுவில் நிறுத்தாதே.

அப்புறம் இலை. பெரிய இலைகளை மட்டும், காம்பை விட்டுவிட்டுக் கத்தரி நுனியால் நறுக்கு. கையால் பிய்த்தால் காம்படி மொட்டும் சேர்ந்து வந்துவிடும். மிச்சக் காம்பு தானாகக் காய்ந்து விழும். உச்சியில் கூடுதலாக எடு, அடிக்கிளையைத் தொடாதே. மரம் பலத்தை உச்சிக்கே அனுப்பும். மேலே அடைத்துக்கொண்டால் கீழ்க்கிளை நிழலில் நலிந்து போகும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆல், அத்தியை மொட்டையடிக்கலாம். ஹாலியில் ஒரு கிளையை மொட்டையாக்கினால் அந்தக் கிளையே காய்ந்துவிடலாம். மண் மாற்றிய வருஷத்தில் இலையில் கை வைக்காதே. இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், பழைய கணக்கில் ஊற்றாதே.

திரவ உரம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம், பாட்டிலில் போட்ட அளவில் பாதி. குளிர்காலத்தில் வேண்டாம். மண் மாற்றுவதை வசந்தத்தில் பார்ப்போம்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தண்ணீர் விட ஆள் இருக்கிறதா என்று கேட்டது செடிக்காக மட்டும் இல்லை.

தென்காசிக் கல்யாண வீட்டில் உன் அத்தையிடம் நான் சொன்னது என் மருமகள் காதில் விழுந்தது. எனக்கு அப்போதே தெரியும். பந்தியில் என் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் பாயசம் வாங்கிக் குடித்தேன். மறுநாள் ரயிலேற்ற வந்தபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போன் எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தது அநியாயம், எய்யா. தப்பு என்னுடையது.

அவள் அங்கே இருந்தால் இதை வாசிக்கக் கொடு. இல்லையென்றால் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன்.

வாளி மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கு. திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும்.

அம்மா