வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு, ‘ஸ்டார்ட்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி

வணக்கம்.

மல்லாவிப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். தண்ணீர் பம்ப், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு மிசின், மோட்டார் சைக்கிள் எல்லாம் திருத்துவேன். ஆங்கிலத்தில் எனக்குப் பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தரம் 8இல் படிக்கிற மகள் இருக்கிறாள். அவளுடைய கொப்பியில் பார்த்த ஒரு சிவப்புக் கோடுதான் இந்த மடலை எழுத வைத்தது.

தவணைப் பரீட்சையில் ஒரு பந்தி. கதவு அடித்துச் சாத்திய சத்தத்துக்கு ஒரு பெடியன் ‘ஸ்டார்ட்டட்’ என்று அதில் வருகிறது. கருத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் ‘சிறுவன் சத்தத்தில் தொடங்கினான்’ என்று எழுதியிருந்தாள். பிழைதான். ஆனால் அவளுடைய சொற்பட்டியலில் ‘ஸ்டார்ட் = தொடங்கு’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. “அப்பா, நான் பாடமாக்கினதைத்தானே எழுதினேன்?” என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. இரவு போனில் தேடித் தேடிப் படித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் துள்ளுவது, பாய்வது என்றுதான் கருத்து. தொடங்குவது என்ற பொருள் பல நூற்றாண்டு பிந்தி வந்தது. திடுக்கிட வைப்பதைச் சொல்கிற ‘ஸ்டார்ட்டில்’ இதற்குச் சொந்தக்காரன். திடீரென்று பணமும் பதவியும் வந்து தலைகால் தெரியாமல் நடக்கிறவனை ‘அப்ஸ்டார்ட்’ என்கிறார்கள், துள்ளி மேலே எழும்பியவன். ஜெர்மன் மொழியில் விழுவதையும் பாய்வதையும் சொல்கிற ‘ஸ்டூர்ட்சன்’ என்ற சொல்லும் இதே வேர்தான். இவ்வளவையும் வாசித்த பிறகு அந்தப் பந்தியைத் திரும்பப் பார்த்தேன். சத்தம் கேட்டு உடம்பு ஒரு துள்ளுத் துள்ளுகிறதே, அதுதான் அந்தச் சொல்லின் முதல் கருத்து. தொடங்குவதுதான் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வன்னியை விட நல்ல இடம் இருக்கிறதா? எங்கள் பேச்சில் ‘துவக்கு’ என்றால் சுடுகிற ஆயுதம். சிங்களத்திலும் ‘துவக்குவ’ என்றுதான் சொல்கிறார்கள். அதே துவக்குத்தான் ‘கூட்டத்தைத் துவக்கி வைத்தார்’ என்றும் வருகிறது. இரண்டுக்கும் உறவில்லை. ஆயுதத்தின் பெயர் வெளியிலிருந்து வந்தது, மற்றது நம்முடைய தொடங்குதலின் கூடப்பிறந்தது. ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. ‘ரெட்ஸ்டார்ட்’ என்று ஒரு குருவி, வால் சிவப்பு. அங்கே ‘ஸ்டார்ட்’ என்றால் வால். அது தனியான ஒரு பழைய சொல். ஒரே உருவத்தில் இரண்டு சொல் நிற்கலாம் என்பது துவக்கைத் தெரிந்த பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

போன முறை மகளின் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். நூறு மீற்றர் ஓட்டம், பிள்ளைகள் குனிந்து நிற்கிறார்கள், வெடி கேட்டது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவும் துள்ளினா. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்து உருண்டது. எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. 2009இன் கடைசிப் போரைக் கடந்து வந்த எங்களுக்குள் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்: ஒரே வெடிக்குப் பிள்ளைகளும் ஸ்டார்ட், அந்த அம்மாவும் ஸ்டார்ட், ஆங்கிலக்காரன் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் அதை மறக்கவே இல்லை.

வெடிக்கு முன்னமே பாய்ந்தால் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’. 2011இல் தென்கொரியாவின் டேகுவில் உசேன் போல்டே நூறு மீற்றர் இறுதிப் போட்டியில் அப்படித்தான் வெளியே போனார். ஒருவரை முன்னுக்கு விட்டு ஓட்டத்தைத் தொடக்கினால் ‘ஹெட் ஸ்டார்ட்’. ஆங்கிலத்தில் கொழும்புப் பிள்ளைக்கு இருப்பதும், எங்கள் பிள்ளைக்கு இல்லாததும் அதுதான். இதற்கெல்லாம் மைதானம் போதும்.

அப்புறம் என்னுடைய தொழில். மண்ணெண்ணெய் பம்பை மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் பண்ண முடியாது. முதலில் பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, மிசின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். போர் நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளே அப்படித்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பெற்றோல் கொண்டு திரிவோம், நாலு துளி விட்டு உதைத்தால் பிடிக்கும். அதனால் இங்கே ‘தொடங்கு’ என்று ஒருவரும் மிசினுக்குச் சொல்வதில்லை. ஸ்டார்ட் பண்ணு என்போம். ஆங்கிலத்திலும் என்ஜினை ‘ஸ்டார்ட்’ பண்ணலாம், ‘பிகின்’ பண்ண முடியாது. ‘பிகின்’ கொஞ்சம் மரியாதையான சொல், கூட்டத்துக்கும் பூசைக்கும் பொருந்தும். மிசினுக்குப் பொருந்தாது. இலக்கணப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிற வித்தியாசத்தை ஒரு பம்பை வைத்து விளங்கப்படுத்தலாம். ரியூப்லைற்றின் ஸ்டார்ட்டர், சாப்பாட்டுக்கு முன் வருகிற சூப், கணினித் திரையின் அடியில் இருக்கிற பொத்தான் என்று அந்தச் சொல் பிள்ளைகளைச் சுற்றித்தான் நிற்கிறது.

தமிழிலிருந்து மாறிப் பார்த்தாலும் அப்படித்தான். ‘நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுவம்’ என்பதில் உள்ள வெளிக்கிடுதலும் ஸ்டார்ட். பிள்ளைக்கு ஏடு தொடக்குவதும் ஸ்டார்ட். மாரிகால நெல் விதைப்பான காலபோகத்துக்கு உழவு தொடங்குவதும், மழை தூறத் தொடங்குவதும் ஸ்டார்ட். திடுக்கிடுவதும் ஸ்டார்ட். நாங்கள் இத்தனை சொல்லாகப் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குத் தன் தமிழும் பெரிதாகத் தெரியும்.

ஆசிரியர்களே, உங்களுக்கு இருக்கிற வேலைச்சுமை எனக்குத் தெரியும். ஒரே ஆள் மூன்று நான்கு வகுப்பு எடுக்கிறீர்கள், பஸ் பிடித்துத் தூரத்திலிருந்து வருகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். சொற்பட்டியலில் சமன் குறி போட்டு ஒற்றைக் கருத்து எழுத வைப்பதை விடுங்கள். சொல் வருகிற வசனத்தையும் பக்கத்தில் எழுதவிடுங்கள். பிழை போடும்போது ‘இங்கே திடுக்கிட்டான்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அந்தச் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் அது இருந்திருந்தால் மகள் இரண்டு நாள் ஆங்கிலக் கொப்பியைத் தொடாமல் இருந்திருக்க மாட்டாள்.

சனிக்கிழமைகளில் கராஜ் பின்னேரம் வரை திறந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய பம்ப் ஒன்று சும்மா நிற்கிறது. பெற்றோலை நான் விடுகிறேன், கயிற்றை அவர்கள் இழுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், மல்லாவி