'ஹேவ்' என்றால் 'வைத்திரு' மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

ஆங்கிலம் சொல்லித்தரும் பகுதிகளில் 'ஹேவ்' என்ற வினைக்கு 'வைத்திரு' என்று ஒரே பொருளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'வைத்திருக்கிறேன்' என்பதில் 'இருக்கிறேன்' தெரிவதால், 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதக் கை தானாகப் போகிறது. உடைமை, உறவு, நோய் ஆகியவற்றுக்கு 'ஐ ஹேவ்' போதும். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதான். அங்கே 'ஹேவ்' சாப்பிடும் செயலைக் குறிக்கிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் வேறு. 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றால் என் முடியை நானே வெட்டியிருந்தேன். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றால் இன்னொருவரைக் கொண்டு வெட்டிக்கொண்டேன். சொற்கள் அதே ஐந்துதான், வரிசை மட்டும் மாறுகிறது. 'செய்வித்தான்' என்பதில் 'வி' பார்க்கும் பிறவினை வேலையை ஆங்கிலத்தில் சொல்வரிசை பார்க்கிறது. 'ஹேவ்', அடுத்துப் பொருள், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம்: இந்த வாய்பாட்டை அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் 'ஷீ ஹேட் ஹர் பேக் ஸ்டோலன்' என்பதற்கும் அமைப்பு இதுவே. அவள் ஆள் வைத்துத் திருடச் சொல்லவில்லை, பை பறிபோனது. எது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

வேலை செய்பவரையும் குறிப்பிட்டால், 'ஐ ஹேட் த மெக்கானிக் செக் த பிரேக்' என்று மூலவினை வரும். இடையில் 'டு' கிடையாது. 'கெட்' போட்டால் மட்டும் 'டு' வேண்டும்: 'ஐ காட் த மெக்கானிக் டு செக் த பிரேக்'.

'ஹேவ் டு' என்பது கட்டாயம். பேச்சில் அது 'ஹேஃப் டு' என்று ஒலிக்கும். இதன் எதிர்மறையில் தவறினால் ஆபத்து. 'யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் டேப்லெட்' என்றால் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டியதில்லை, விருப்பம் உங்களுடையது. சாப்பிடவே கூடாது என்பதற்கு 'மஸ்ட் நாட்'. தமிழில் 'வேண்டியதில்லை', 'கூடாது' இரண்டையும் யாரும் மாற்றிப் போடுவதில்லை, ஆங்கிலத்தில்தான் போடுகிறோம்.

துணைவினையாக வரும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: 'யெஸ்டர்டே' இருந்தால் 'ஐ ஹேவ் சீன்' கூடாது, 'ஐ சா' தான். 'ஹி ஹேட் ஹேட் டின்னர்' என்று இரண்டு 'ஹேட்' வந்தால் அச்சுப்பிழை என்று ஒன்றை நீக்கிவிட வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் சாப்பிட்டதைக் குறிக்கிறது.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் வாசகர்