தோல்முட்டையும் டானிக்கும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கிணறு நிறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாமே!

கோழி விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து பெட்டைகள் ஓடில்லாத தோல்முட்டை இடுகின்றன, வைட்டமின் டானிக் ஊற்றியும் நிற்கவில்லை என்கிறாய். நிற்காது, குறைவது கால்சியம். நீ போடுவது கம்பும் அரிசிக் குருணையும். ஒரு நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் கால்சியம் இருக்கிறது; 100 கிராம் கம்பில் 50 மில்லிகிராம்கூடத் தேறாது. மேய்ச்சலில் கிடைப்பதும் போதாதபோது கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். அதுவும் முடியாமல் போனால் தோல்தான்.

கிளிஞ்சல் வாங்கி அரை மிளகு அளவுக்கு உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வை. மாவாக இடிக்காதே. ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில்தான். மாவு அதற்குள் குடலைக் கடந்துவிடும், துண்டு அரைவைப் பையில் கிடந்து மெல்லக் கரையும். அதனால் மாலை நாலு மணிக்குக் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். முட்டை ஓட்டையே போடுவதானால் வறுத்து நன்றாக நொறுக்கிப் போடு. உருத் தெரிந்தால் முட்டையைக் கொத்தப் பழகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், காரத்தால் தண்ணீர் குடிப்பதே குறையும்.

தீவனத்தில் கலந்துவிடலாமா என்று கேட்டாய். கூடாது. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் மூன்றரை சதவீதம் கால்சியம் தேவை, வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். பெரியவற்றின் அளவைக் குஞ்சு தின்றால் சிறுநீரகம் கெடும். தனிக் கிண்ணம் என்றால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். வெயில் படாமல் அடைத்து வளர்க்கும் கோழிக்கு மட்டும் வைட்டமின் டி3 சேர்க்க வேண்டும்; அது இல்லாமல் கிளிஞ்சல் உடம்பில் சேராது. உன் கோழிகள் வெளியே மேய்கின்றன, அந்தச் செலவு உனக்கு இல்லை.

டானிக் பாட்டிலை எறிந்துவிடாதே, குஞ்சுகளுக்கு ஆகும். இரண்டு மூன்று வார வயதில் விரல்கள் உள்பக்கம் சுருண்டு, குஞ்சு குதிங்கணுவில் உட்கார்ந்து நகர்ந்தால் அது வைட்டமின் பி2 குறைவு. பாட்டிலில் பி காம்ப்ளெக்ஸ் இருக்கிறதா பார்த்து, அதில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து, அன்றே குடித்து முடிகிற தண்ணீரில் நிழலில் வை. வெளிச்சத்தில் பி2 அழிந்துவிடும். நாள்பட விட்டால் நரம்பு கெட்டுவிடும், பிறகு எதை ஊற்றினாலும் கால் நேராகாது. ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் மட்டும் இந்த டானிக்கை நிறுத்து. அந்த மருந்து வைட்டமின் பி1 போல வேஷம் போட்டுத்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. நீ நிஜ பி1 ஊற்றினால் கிருமிக்கும் விருந்து.

கருவாட்டுத் தூள் கலந்தால் உப்பு தனியாகச் சேர்க்காதே. கிலோ தீவனத்துக்கு மூன்று கிராம் உப்பே போதும், கருவாட்டில் அதற்கு மேலேயே இருக்கும்.

கழுத்தைத் திருகிக்கொள்ளும் சேவலைப் பற்றியும் எழுதியிருந்தாய். வைட்டமின் குறைவிலும் கழுத்து திரும்பும், ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். இன்றே தனியாக அடைத்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் அந்த நோய்க்கான லசோட்டா தடுப்பூசிச் சொட்டு போட மறக்காதே.

கிளிஞ்சல் அங்கே கிடைக்கவில்லையென்றால் எழுது, தைக்கு வரும்போது ஒரு பை கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ராமு