பிறந்த தேதிக்கு நேர மண்டலம் கிடையாது: இணைய நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளங்களையும் செயலிகளையும் உருவாக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகள் பிறந்தது 2007 ஜூன் 15. கல்லூரி விண்ணப்பத்தில் அந்தத் தேதியைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். திரையிலும் 15 என்றே தெரிந்தது. அச்சாகி வந்த தாளில் 14. சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் இன்னொரு தேதி என்று வரிசையிலிருந்து விலக்கி ஓரமாக நிற்கவைத்துவிட்டார்கள். "பார்த்து நிரப்பக் கூடாதா?" என்று அவளைக் கடிந்துகொண்டவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை. இதே தொழிலில் இருக்கும் எனக்கு அந்தத் தாளைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: தவறு அவளுடையதல்ல, நம்முடையது.

நடந்ததைச் சொல்கிறேன். தேதிப் பெட்டியில் 15ஐத் தொட்டதும், இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் 'டேட்' என்ற தேதி-நேர வகை அதை ஜூன் 15, இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொண்டது. அதைச் சர்வருக்கு அனுப்ப, தேதியை எழுத்தாக மாற்றும் 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' பயன்பட்டிருக்கிறது. அது எப்போதும் யுடிசியில்தான், அதாவது உலகுக்கெல்லாம் பொதுவான அடிப்படை நேரத்தில்தான், எழுதும். நாம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே நம்முடைய ஜூன் 15 நள்ளிரவு அங்கே ஜூன் 14, 18:30. அதிலிருந்து தேதியைக் குறிக்கும் முதல் பத்து எழுத்துகளை ('2007-06-14') மட்டும் வெட்டித் தரவுத்தளத்தில் போட்டார்கள். பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டாள்.

டொராண்டோவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இதே பிழை மறுமுனையில் நேர்கிறது. தேதியை மட்டும் '2007-06-15' என்று கொடுத்தால் 'டேட்' அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும்; கூடவே மணியையும் சேர்த்து, மண்டலம் குறிக்காமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். கோடையில் டொராண்டோ யுடிசிக்கு நான்கு மணி நேரம் பின்னால் இருக்கிறது. சரியாகச் சேமித்த 15ஆம் தேதி, அங்கே திரையில் ஜூன் 14 இரவு 8 மணியாகி 14 என்று தெரியும். சென்னைக்காரர் எழுதும்போது ஒரு நாளை இழக்கிறார், டொராண்டோக்காரர் படிக்கும்போது இழக்கிறார்.

பிறந்த நாள் ஒரு கணமல்ல. நாள்காட்டியில் ஒரு கட்டம். திருமணத் தேதி, தேர்வுத் தேதி, பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி எல்லாமே அப்படித்தான். அவற்றுக்கு மணி கிடையாது, மண்டலமும் கிடையாது. அவற்றை 'டேட்' பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்தாகவே அனுப்புங்கள். தரவுத்தளத்திலும் தேதிக்கு மட்டுமான வகையில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் புதிதாக வந்திருக்கும் 'டெம்போரல்' இதற்காகவே 'ப்ளெயின்டேட்' என்று தனி வகை தருகிறது. 'டேட்' 1995இல் ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியின் 'டேட்'டைப் பார்த்து அவசரமாக எழுதப்பட்டது. ஜாவாவோ 1997லேயே அந்த மூல 'டேட்'டின் பல செயற்கூறுகளைத் தவிர்க்கும்படி சொல்லிவிட்டது. நாம் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பணம் செலுத்திய நேரம் போன்றவை உண்மையான கணங்கள். அவற்றை யுடிசியில் சேமிப்பதே முறை. ஆனால் காட்டும்போது மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால், யுடிசியில் ஓடும் சர்வர் தன் நேரத்தையே அச்சிடும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே பணம் கட்டியவரின் ரசீதில் நேற்றைய தேதி இருக்கும். கடைசி நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் கட்டியவர் தப்பித்துக்கொள்வார். கட்டணம் தொடங்கும் நாளின் நள்ளிரவுக்காகக் காத்திருந்து கட்டியவர் "இன்னும் தொடங்கவில்லை" என்ற பதிலைப் பெறுவார். இதைச் சரிசெய்வதாக ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டி எழுதிய நிரல்களையும் பார்த்திருக்கிறேன். சர்வரின் நேரத்தை யாராவது இந்திய நேரத்துக்கு மாற்றிய அன்று அது இரண்டு முறை கூடிவிடும். நேரத்தைத் திரையில் காட்டும் வடிவில் எழுதித் தரும் ஜாவாஸ்கிரிப்ட்டின் 'டேட்டைம்ஃபார்மேட்' கொடுக்கும் 'டைம்ஸோன்' தெரிவில் 'ஏசியா/கொல்கத்தா' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

எண்ணை எழுதாமல் பெயரை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை 1996 மே மாதத்தில் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதிலிருந்து ஆறரைக்கு மாறியது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. பத்தாண்டுக் காலம் ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. 2000ஆம் ஆண்டின் கொழும்பு நேரம் ஒன்றை இன்றைய ஐந்தரையைக் கொண்டு கணக்கிட்டால் அரை மணி நேரம் தவறும். 'ஏசியா/கொழும்பு' என்ற பெயருக்குள் இந்த மாற்றங்களெல்லாம் பதிவாகியிருக்கின்றன. 'ஐஎஸ்டி' என்ற சுருக்கத்தையும் நம்பாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதுவே சுருக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வேலை முடிந்து கிளம்பும் முன் உங்கள் கணினியின் நேர மண்டலத்தை டொராண்டோவுக்கு மாற்றுங்கள். நீங்கள் எழுதிய படிவத்தைத் திறந்து ஒரு பிறந்த தேதியை நிரப்புங்கள், சேமியுங்கள், மீண்டும் திறந்து பாருங்கள். பிறகு மண்டலத்தைச் சென்னைக்குத் திருப்பி, அதையே மறுபடியும் செய்து பாருங்கள். இரண்டு முறையும் அதே நாள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்